மூளையைக் காக்கும் டயாலிசிஸ்

"சிறுநீர் நன்றாகப் போகிறது, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு டயாலிசிஸ்?" காஞ்சிபுரத்தில் சிறுநீரக மருத்துவம் பார்ப்பவன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் திரும்பத் திரும்பச் சந்திக்கும் கேள்வி இது. நோயாளியின் உறவினர்கள் மட்டும் கேட்பதில்லை. பயிற்சி மருத்துவர்களும் கேட்கிறார்கள், வேறு துறை மருத்துவர்களும் கேட்கிறார்கள். டயாலிசிஸ் என்றால் கிட்னி என்று எல்லோரும் பழகிவிட்டதால் கேள்வியில் தவறில்லை. ஆனால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து ரத்தத்தில் அம்மோனியா ஏறும்போது, அந்த மெஷின் காப்பது மூளையை. அதனால் எப்போது தொடங்குவது என்பதைச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அம்மோனியா அளவையும் நோயாளியின் நினைவு நிலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெருநகர மருத்துவமனைகளில் மட்டும் கிடைக்கும் விலை உயர்ந்த கருவி நம்மிடம் இல்லையே என்று கைகட்டி நிற்கவும் வேண்டாம். மாவட்டத் தலைநகரில் நாள்தோறும் ஓடும் சாதாரண டயாலிசிஸ் மெஷினே தொடக்கத்துக்குப் போதும். இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்வது இவ்வளவுதான்.

நாம் சாப்பிடும் புரதத்திலிருந்தும், குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்தும் அம்மோனியா ஓயாமல் உருவாகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது; கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது; யூரியாவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. யூரியா உருவாகும் இந்தச் சுழற்சியை 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் கண்டறிந்து சொன்னார்கள். அதற்கும் முன்னால், 1893இல், பாவ்லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் நுழையாமல் விலகிப் போகும்படி நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த நாய்கள் இறைச்சி தின்றதும் தடுமாறின, மயங்கின. கல்லீரல் தடுக்காமல் விட்ட ஏதோ ஒன்று மூளையைத் தாக்குகிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. மூளைக்குள் நுழையும் அம்மோனியாவை அங்குள்ள துணைச் செல்கள் குளுட்டமினாக மாற்றிச் சேர்த்துவைக்கின்றன. குளுட்டமின் சேரச் சேர அந்தச் செல்கள் நீரை இழுத்து வீங்குகின்றன. மெதுவாக ஏறும் அம்மோனியாவுக்கு மூளை ஓரளவு தன்னைத் தயார் செய்துகொள்ளும். இரண்டு மூன்று நாளில் ஏறினால் அதற்கு அவகாசம் இல்லை. மண்டையோட்டுக்குள் வீங்க இடமும் இல்லை. முதலில் பேச்சுக் குழறல், பகல் இரவு தெரியாத குழப்பம், பிறகு மயக்கம், கடைசியில் மூச்சை நடத்தும் பகுதியே நசுங்கி மரணம்.

இது எங்கோ நடக்கும் அபூர்வ நோய் என்று காஞ்சிபுரத்தில் யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் திடீர் கல்லீரல் செயலிழப்புக்கு ஒரு பெரிய காரணம் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். பட்டு நூலும் பாவும் இருக்கும் வீட்டில் எலியைச் சும்மா விட முடியாது. அதனால் எலிமருந்து சமையலறைக்கும் தறிக்கும் இடையில் ஏதாவது ஒரு மாடத்தில் இருக்கும். கோபத்தின் ஒரு நிமிடத்தில் அது கைக்கு எட்டிவிடுகிறது. தமிழ்நாடு அரசு இந்தப் பேஸ்ட்டுக்குத் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் வீட்டு மாடங்களில் பழைய டியூப்கள் மிச்சம் இருக்கின்றன. இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி என்று தொடங்கி அடங்கிவிடும். அடுத்த ஓரிரு நாள் ஆள் நன்றாகவே தெரிவார். வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பம் வற்புறுத்தும் நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கரைந்துகொண்டிருக்கும். இது தவிர, அசுத்தமான குடிநீரால் பரவும் ஏ வகை, இ வகை மஞ்சள் காமாலை உண்டு. இ வகை கர்ப்பிணிகளுக்கு மிகவும் கொடியது. காமாலைக்கு மந்திரிப்பதிலும் கீழாநெல்லியிலும் ஒரு வாரம் போய்விட்டால், தூக்கக் கலக்கத்தோடுதான் நோயாளி வந்து சேர்வார். கல்லீரல் நன்றாக இருக்கும்போதே அம்மோனியா ஏறும் வகைகளும் உண்டு. வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டால் அம்மோனியா ஏறும். சிலருக்குச் சரியான அளவிலேயே ஏறும். காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தும் அரிதாக இதே மயக்கத்தை உண்டாக்கும். மயக்கத்துக்குக் காரணம் புரியாத எந்த நோயாளிக்கும் அம்மோனியா பார்த்தாக வேண்டும்.

சரி, டயாலிசிஸ் அம்மோனியாவை எடுக்குமா? எடுக்கும். அம்மோனியாவின் மூலக்கூறு எடை வெறும் 17. யூரியாவின் எடை 60. யூரியா கடக்கும் சவ்வை அம்மோனியாவும் தடையில்லாமல் கடக்கும். அமெரிக்காவில் ஜான் கைலியும் அவர் குழுவினரும் அம்மோனியா நச்சுக்கு டயாலிசிஸ் செய்ததை 1958இலேயே பதிவு செய்துவிட்டார்கள். இந்த யோசனைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புதிதாக வந்திருப்பது சான்று. திடீர் கல்லீரல் செயலிழப்பில் அம்மோனியா லிட்டருக்கு 150 மைக்ரோமோலைத் தாண்டினால் மூளை வீக்கத்தின் ஆபத்து கூடுகிறது. 200ஐத் தாண்டினால் அபாயம் மிகத் தெளிவு. 1998 முதல் 2016 வரை வட அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த 1,186 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2018இல் வந்தது. இடைவிடாமல் இரவும் பகலும் ஓடும் டயாலிசிஸ் பெற்றவர்களுக்கு அம்மோனியா கூடுதலாக இறங்கியது. கல்லீரல் மாற்று இல்லாமல் 21 நாள் தாண்டியவர்களும் அவர்களில் அதிகம். அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நினைவு மங்கத் தொடங்கி அம்மோனியாவும் உயர்ந்திருந்தால், சிறுநீரகக் காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் தொடர் டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்கலாம் என்று பரிந்துரைக்கிறது. வால்ப்ரோயேட் நச்சுக்கு 2015இல் வந்த சர்வதேசப் பரிந்துரையிலும், அம்மோனியா திடீரென ஏறுவது டயாலிசிஸுக்கான காரணங்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. வாசலில் கேட்கப்படும் கேள்விக்கு இதுவே பதில்: சிறுநீரகம் கெடும்வரை காத்திருக்கச் சொல்லும் நியாயம் எதுவும் இப்போது மிச்சமில்லை.

அடுத்த சிக்கல் மெஷின். சி.ஆர்.ஆர்.டி. என்று சொல்லப்படும் தொடர் டயாலிசிஸ் கருவி சென்னையிலும் வேலூரிலும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அதன் ஃபில்டரும் திரவப் பைகளும் சாதாரண டயாலிசிஸை விடப் பல மடங்கு செலவு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு மணிக்கு 30 மில்லி என்ற வழக்கமான அளவில் சி.ஆர்.ஆர்.டி. ஓட்டினால், நிமிடத்துக்கு 30 மில்லி ரத்தம் சுத்தமாகும். 24 மணி நேரத்துக்கு 43 லிட்டர். சாதாரண மெஷினில் ரத்த ஓட்டத்தையும் திரவ ஓட்டத்தையும் குறைத்து, நிமிடத்துக்கு 100 மில்லி மட்டும் சுத்தமாகும்படி எட்டு மணி நேரம் ஓட்டினால் 48 லிட்டர். எங்கள் துறையில் இதை ஸ்லெட் என்போம்: மெதுவாக, நீண்ட நேரம் ஓட்டும் டயாலிசிஸ். சாயம் போட்ட பட்டு நூலை ஒரே வாளித் தண்ணீரில் அடித்து முறுக்கி அலசினால் இழை கெடும். தண்ணீரை மாற்றி மாற்றி நிதானமாக அலசினால் சாயமும் போகும், இழையும் நிற்கும். அதே நிதானம்தான் இதிலும் வேண்டும். ஒரு நாளில் எடுக்கும் மொத்த அளவில் காஞ்சிபுரத்து மெஷின் பின்தங்கவில்லை. வித்தியாசம் மீதிப் பதினாறு மணி நேரத்தில் இருக்கிறது. மெஷினை நிறுத்திய பிறகும் குடலில் அம்மோனியா உருவாகிக்கொண்டே இருக்கும், அளவு மறுபடி ஏறும். அதனால் எட்டைப் பத்தாக்கு, பன்னிரண்டாக்கு, தினமும் செய், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மோனியா பார் என்பது நடைமுறை. இதற்குப் புது மெஷின் தேவையில்லை. ஐ.சி.யு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆர்.ஓ. தண்ணீர் இணைப்பும், இரவு முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்க ஒரு டெக்னீஷியனும் வேண்டும். நடைமுறையில் தட்டுப்பாடு மெஷினுக்கு அல்ல, அந்த இரவு டெக்னீஷியனுக்குத்தான்.

இதற்கு எதிரான வலுவான வாதத்தை மறைக்கக்கூடாது. நான் மேலே சொன்ன அதே 2018 ஆய்வில், விட்டுவிட்டுச் செய்யும் டயாலிசிஸ் பெற்றவர்கள் மோசமாகவே போனார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் டேவன்போர்ட் செய்த ஆய்வுகளும், விட்டுவிட்டுச் செய்யும் முறையில் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டின. மூளையைக் காக்கப் போய் மூளையையே வீங்க வைப்பதா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் டேவன்போர்ட் பார்த்த நோயாளிகளுக்குக் கல்லீரலோடு சிறுநீரகமும் செயலிழந்திருந்தது. ரத்தத்தில் யூரியா எக்கச்சக்கமாகச் சேர்ந்திருக்கும்போது அதைச் சட்டென்று இறக்கினால், ரத்தம் நீர்த்து, நீர் மூளைக்குள் பாயும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் கல்லீரல் நோயாளிக்கு யூரியா பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதைச் செய்ய வேண்டிய கல்லீரலே படுத்துவிட்டதே. இறக்குவதற்கு அதிகம் இல்லாத இடத்தில் அந்த ஆபத்தும் குறைவு. முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே இன்னொரு காரணம். சிறுநீரகமும் கெட்டு யூரியா 150, 200 என்று ஏறும்வரை காத்திருந்தால் நாமே அந்த ஆபத்தை வரவழைக்கிறோம். மிச்ச ஆபத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. டயாலிசிஸ் திரவத்தில் சோடியத்தை 145க்கு மேல் வைப்பது, திரவத்தின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைப்பது, உடலிலிருந்து நீரை எடுக்காமல் வெறும் சுத்திகரிப்பு மட்டும் செய்வது, ரத்த அழுத்தம் தொய்யுமுன் நார்அட்ரினலின் தயாராக வைப்பது, ஹெப்பாரின் இல்லாமல் ஓட்டுவது, தலையை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, பாஸ்பேட்டும் சர்க்கரையும் இறங்காமல் கவனிப்பது. இவ்வளவும் செய்த பிறகும் சி.ஆர்.ஆர்.டி. கையில் இருந்தால் அதுவே மேல்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த ஊரில் ஸ்லெட்டுக்கு மாற்றாக நிற்பது சி.ஆர்.ஆர்.டி. அல்ல. அம்மோனியா 250இல் இருக்கும் நோயாளியை எதுவும் செய்யாமல் ஆம்புலன்ஸில் ஏற்றி, சென்னை எல்லையில் நெரிசலில் நிறுத்துவதுதான் மாற்று. ஒப்பிட வேண்டியது அந்த இரண்டையும்.

அம்மோனியா எண்ணை நம்ப முடியாது என்பது இரண்டாவது ஆட்சேபம். பாதி உண்மை. ரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், அந்தக் குழாய்க்குள்ளேயே அம்மோனியா உருவாகி எண் பொய்யாக ஏறிவிடும். கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கச் சொல்லி எடுத்தாலும் ஏறும். கட்டு இல்லாமல் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, கால் மணி அரை மணிக்குள் பரிசோதனைக்குப் போனால் அந்த எண்ணை நம்பலாம். அதை விடப் பெரிய குழப்பம் அலகில் இருக்கிறது. பல ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று தருகின்றன. வழிகாட்டுதல்கள் லிட்டருக்கு மைக்ரோமோலில் பேசுகின்றன. 150 மைக்ரோமோல் என்பது 255 மைக்ரோகிராம். அறிக்கையில் 170 என்று பார்த்துப் பதறினால், அது 100 மைக்ரோமோல்தான். அலகைப் பார்க்காமல் டயாலிசிஸ் தொடங்குவதும் தவறு, தொடங்காமல் விடுவதும் தவறு. ஒரு சோதனையைக் கவனமில்லாமல் செய்கிறோம் என்பது அதைக் கைவிடக் காரணம் ஆகாது. ஐஸ் பெட்டி வாங்கக் காரணம் ஆகும்.

கல்லீரலே போய்விட்ட பிறகு அம்மோனியாவை எடுத்து என்ன பயன், நாளை மறுபடி ஏறுமே என்பது மூன்றாவது. கல்லீரலின் இயல்பை மறந்த கேள்வி இது. திடீரெனச் செயலிழந்த கல்லீரல், பாதித்த காரணம் நீங்கினால், சில நாளில் மீண்டு வளரும் ஆற்றல் உள்ளது. வளர்ந்து வரும் நேரத்தில் மூளை செத்திருந்தால் கல்லீரல் மீண்டாலும் பயனில்லை. டயாலிசிஸ் வாங்கித் தருவது அந்த நாட்களை. அந்த நாட்களில் வேறு சிகிச்சைகளும் வேலை செய்யும். எலி பேஸ்ட் நச்சுக்குக் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றம் செய்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அனுபவங்களை வெளியிட்டிருக்கிறார்கள். டெல்லி கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வு 2022இல் வெளிவந்தது. 40 நோயாளிகளை வைத்துச் செய்த அந்தச் சோதனையில் பிளாஸ்மா மாற்றம் உயிர் பிழைப்பைக் கூட்டியது. கல்லீரல் மாற்று தேவைப்பட்டால் அதற்கும் நாட்கள் வேண்டும். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த, மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவருடைய பெற்றோர் 2008இல் தானம் செய்ததும், மூளைச்சாவு உறுப்பு தானம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. இன்று அவசர நோயாளிக்கு முன்னுரிமை தரும் வரிசை இருக்கிறது. ஆனால் கல்லீரல் கிடைக்கும் நேரத்தில், பெறுகிறவரின் மூளை பிழைத்திருக்க வேண்டும். குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் ஈரலில் பாதி தருவதென்றாலும் பரிசோதனைக்கு ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் யார் காப்பது? லேக்டுலோஸ் கொடுத்தால் போதாதா என்பார்கள். நாள்பட்ட கல்லீரல் நோயில் அது நல்ல மருந்து. திடீர்ச் செயலிழப்பில் அது உயிர் காக்கும் என்பதற்குச் சான்று பலவீனம். வயிற்றை உப்ப வைத்து, மாற்று அறுவைக்குத் தொந்தரவாகவும் ஆகலாம்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை நானே கோடு போட்டுச் சொல்லிவிடுகிறேன். குடியாலோ வேறு காரணத்தாலோ கல்லீரல் சுருங்கிப்போன பழைய நோயாளி, அம்மோனியா 120 என்று குழப்பத்தோடு வந்தால், அவருக்கு டயாலிசிஸ் வேண்டாம். அவர் மூளை ஏறிய அம்மோனியாவுக்குப் பழகியது. அவருக்கு எண்ணும் மயக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. மலச்சிக்கல், ரத்த வாந்தி, கிருமித்தொற்று, தூக்க மாத்திரை என்று தூண்டிய காரணத்தைத் தேடிச் சரிசெய்து, லேக்டுலோஸும் ரிஃபாக்சிமினும் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவார். அம்மோனியா கூடியவர்களுக்கெல்லாம் மெஷின் என்று ஆரம்பித்தால், நல்ல சிகிச்சைக்கும் கெட்ட பெயர் வரும். திடீர்ச் செயலிழப்பு, மருந்து நச்சு, பிறவிக் குறை என்ற மூன்றுக்குத்தான் நான் வாதாடுகிறேன்.

மூன்றாவதான பிறவிக் குறையில் நம் சமூகத்துக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதை 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாமன் மகளும் அக்கா மகளும் முறைப்பெண்ணாகும் குடும்பங்களில், யூரியா சுழற்சிக் குறைகளில் பெரும்பாலானவை குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை இரண்டாம் மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு, வேகமாக மூச்சு விடும். கிருமித்தொற்று என்று ஆன்ட்டிபயாடிக் தொடங்குவார்கள். அதோடு அம்மோனியாவும் அனுப்ப வேண்டும். 500 மைக்ரோமோலைத் தாண்டினால் தாமதிக்காமல் டயாலிசிஸ் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று கிலோ குழந்தையைப் பெரியவர்களின் மெஷினில் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, சோடியம் பென்சோயேட்டும் ஆர்ஜினினும் தொடங்கி, வயிற்றுவழி டயாலிசிஸை வைக்க முடிந்தால் வைத்து, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் மெதுவாகத்தான் எடுக்கும். ஆனால் ஒன்றும் எடுக்காமல் இருப்பதை விட நூறு மடங்கு மேல். இந்தக் குழந்தைகளில் மயக்கத்தின் மணிக்கணக்கே பிற்கால அறிவு வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

கடைசி ஆட்சேபம் நிர்வாகத்தினுடையது. வாரம் மூன்று முறை வரும் பழைய நோயாளிகளுக்கே மெஷின் நேரம் போதவில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் வருபவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். ஒரு மெஷினைப் பத்து மணி நேரம் ஒருவருக்கே கொடுப்பதா? பெரும்பாலான மையங்களில் பகல் ஷிஃப்ட்கள் முடிந்தபின் மெஷின்கள் இரவில் சும்மாவே நிற்கின்றன. ஸ்லெட் இரவில் ஓட்டுவதற்கென்றே அமைந்த முறை. யாருடைய நேரத்தையும் பறிக்காமல், இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியலில் முடிக்கலாம். கூடுதல் செலவு என்பது இரவுப் பணியாளரின் சம்பளமும் ஒரு செட் குழாய்களும்தான்.

ஆகவே மாவட்ட மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய கருவியை அல்ல. ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இரவிலும் கிடைக்கும் அம்மோனியா பரிசோதனை, ரத்தம் கொண்டுபோக ஐஸ் பெட்டி, அறிக்கையில் தெளிவான அலகு, கட்டிலருகே ஒரு ஆர்.ஓ. இணைப்பு, பயிற்சி பெற்ற ஓர் இரவு டெக்னீஷியன், எந்த எண்ணில் தொடங்குவது என்று சுவரில் ஒட்டிய ஒரு தாள். மாற்று அறுவை மையத்தோடு முதல் நாளே தொலைபேசியில் பேசிவிடும் பழக்கமும் அதில் சேர வேண்டும். சக மருத்துவர்களுக்கு: திடீர் கல்லீரல் செயலிழப்பில் அம்மோனியா 150 மைக்ரோமோலைத் தாண்டி நினைவு மங்கினால், கிரியாட்டினின் அறிக்கைக்குக் காத்திராதீர்கள். வாசகர்களுக்கு: காமாலை வந்தவர் பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழப்பமாகப் பேசினால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். எலி பேஸ்ட் உட்கொண்டவர் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் டியூபை இன்றே அப்புறப்படுத்துங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச 104, 14416 என்ற எண்கள் இருக்கின்றன. அவற்றை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள்.